உங்களுக்குத் தெரியுமா? பத்து விரலில் இரண்டு பாட்டு!

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி பக்கம் ஆடி மாதம் பிறந்தால் போதும், ஒலிபெருக்கியில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு கேட்கும். அதே தெருப் பிள்ளைகள் கைப்பேசியில் ஓடவிடுவது ‘மாஷ்அப்’. ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டைப் பொருத்திய கலவை அது. இரண்டையுமே ‘சொந்தச் சரக்கு இல்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டு பாட்டை ஒரே மேடையில் முட்டாமல் மோதாமல் நிறுத்துவது, காதும் கையும் நன்றாகப் பழுத்தவர்களுக்கே கைகூடும் வித்தை. பியானோ மேதைகளும் நம் மண்ணின் இசை மேதைகளும் இதை நெடுங்காலமாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

★ பியானோவை உருவாக்கியவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபரி. இடம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ், காலம் 1700 வாக்கில். அதற்கு முன்பு இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறாது. தந்தியைச் சுண்டிவிடும் பொறி அது. கிறிஸ்தோஃபரி சுண்டுவதை விட்டு, சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டவைத்தார். விரல் மெல்லப் பட்டால் மெல்லிய ஒலி, ஓங்கி விழுந்தால் உரத்த ஒலி. அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் இருக்கின்றன. அவற்றில் மூத்தது 1720ஆம் ஆண்டில் செய்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

★ இன்றைய பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கருப்பு 36. உள்ளே சுமார் 230 தந்திகள். மேல் சுரங்களுக்குக் கட்டைக்கு மூன்று தந்தி, கீழே இறங்கினால் இரண்டு, அடிமட்டத்தில் ஒன்று. கச்சேரி மேடைக்கான பெரிய பியானோவில் இத்தனை தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். அந்த இழுப்பைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. முழுப் பெட்டியின் எடை 500 கிலோவை ஒட்டி வரும். உறுப்புகள் 12,000க்கு மேல்.

★ ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப வாசிக்க முடிவதற்கு ஒரு கண்டுபிடிப்பு காரணம். பாரிஸில் பியானோ செய்த செபாஸ்டியன் எரார், 1821 வாக்கில் ஒரு புதுப் பொறியை உருவாக்கினார். கட்டை முழுவதும் மேலே எழும்புவதற்குள்ளாகவே சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். மின்னல் வேக வாசிப்புக்கு வழி திறந்தது இந்தப் பொறிதான். விரல் மட்டும் பழகினால் போதாது, கருவியும் ஈடுகொடுக்க வேண்டும்.

★ பியானோவின் ஒலிப்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். கூடவே சுருதியும் நகரும். கடலூர் மாவட்டம் போல ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கும் இடத்தில், வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி கூட்டியே ஆக வேண்டும். மின்னணுக் கீபோர்டுக்கும் டிஜிட்டல் பியானோவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. சிற்றூர்களுக்கு அவை சுலபமாக வந்து சேர்ந்ததற்கு விலை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

★ பாடகர்கள் ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று சொல்வது ஹார்மோனியக் கட்டையின் கணக்குத்தான். மேலை இசையின் சி நம் ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையில் வரும் கருப்புக் கட்டைகளுக்கு அரை சேரும். சி ஷார்ப் என்றால் ஒன்றரைக் கட்டை. இரண்டு பாட்டைப் பொருத்த நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் நிற்கிறது?

★ பியானோவில் எட்டு சுர இடைவெளி, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரை, 12 சமப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு ஏறும். எல்லாப் படியும் சமம் என்பதால், ஒரு பாட்டை எந்தக் கட்டைக்கு வேண்டுமானாலும் அப்படியே தூக்கி வைக்கலாம். மாஷ்அப் செய்கிறவருக்கு இது பெரிய வசதி. இதற்கு விலையும் உண்டு: ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவும் இல்லை. சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் நம் கமகம் உயிர் வாழ்வது அந்த நடுவிடத்தில்தான்.

★ கமகம் வராது என்ற குறையால் ஹார்மோனியம் பட்ட பாடு பெரிது. அகில இந்திய வானொலி 1940இல் அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது; தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் தெருக்கூத்திலும் ஹார்மோனியம் தடையின்றி ஒலித்துக்கொண்டே இருந்தது.

விரல்களின் வீரம்

★ ஹங்கேரியில் பிறந்த ஃப்ரான்ஸ் லிஸ்ட், 1832இல் பாரிஸில் பாகனினியின் வயலினைக் கேட்டார். அப்போது லிஸ்டுக்கு வயது 20. வயலினில் அவர் நிகழ்த்தியதைப் பியானோவில் தான் நிகழ்த்த வேண்டும் என்ற வெறி பிறந்தது. விரல் பயிற்சிக்கு மட்டுமே நாளுக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கினார். பிறகு பாகனினியின் மெட்டுகளையே பியானோவுக்கு மாற்றி எழுதினார். ‘லா கம்பனெல்லா’ அவற்றில் புகழ்பெற்றது. பியானோ உலகின் மாபெரும் வித்தகர் உருவானது, வேறொரு கருவியின் இசையைத் தன் கருவிக்கு இறக்குமதி செய்ததில்தான்.

★ ஒருவர் மட்டுமே மேடையில் அமர்ந்து கச்சேரி முழுவதையும் பியானோவில் வாசிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவரும் லிஸ்ட்தான். விரல்கள் கேட்பவர் கண்ணில் படும்படி பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். சுரத்தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தார். இன்றும் பியானோ மேடை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. 1844இல் பாரிஸில் மக்கள் அவர் மீது கொண்ட பித்தைக் கண்டு, கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

★ லிஸ்டுக்குச் சமமாக நின்ற போட்டியாளர் சிகிஸ்மண்ட் தால்பெர்க். அவர் வாசித்தால் மூன்று கைகள் இருப்பது போலக் கேட்கும். சூட்சுமம் இதுதான்: பாட்டின் மெட்டை நடுவில் வைத்து, இரு கைகளின் கட்டைவிரல்களும் அதை மாற்றி மாற்றி ஏந்திக்கொள்ளும், மற்ற விரல்கள் மேலும் கீழும் அருவி போல ஓடும். ஒரே ஆள் பல அடுக்குகளை ஒரே நேரத்தில் கேட்கவைக்கும் இந்தத் திறமைதான் பின்னாளில் இரு பாட்டைக் கலப்பதற்கு அடிப்படை.

★ 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றவர் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம். அப்போது வயது 13. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்றவர். ‘வண்டின் பறத்தல்’ என்ற இசைத் துண்டை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தார். பிறகு 325 தட்டுக்கு ஏற்றினார். தட்டுக்கு நான்கு சுரம், அதாவது சதுஸ்ர நடை என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 22 சுரங்கள்!

★ அந்த வண்டு எங்கிருந்து வந்தது? ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஜார் சல்தானின் கதை’ என்ற ஓபராவிலிருந்து. 1900இல் மாஸ்கோவில் அரங்கேறியது. தந்தையைக் காண ஆசைப்படும் இளவரசனை ஒரு மாய அன்னம் வண்டாக மாற்றிவிடுகிறது. அவன் பறந்து போகும் காட்சிக்கு எழுதிய இசை இது. முதலில் எழுதப்பட்டது பியானோவுக்கு இல்லை, முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு. பியானோவுக்கு மாற்றி எழுதியவர்களில் ரஹ்மனினோவும் ஒருவர்.

★ ஆஸ்திரியப் பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைன் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தார். மேடையை விடவில்லை. அவருக்காகவே மோரிஸ் ரவேல் இடக்கைக்கு மட்டுமான கன்செர்ட்டோவை எழுதினார். 1932இல் வியன்னாவில் முதல் முறையாக ஒலித்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே கையின் ஐந்து விரல் வாசிக்கிறது என்று நம்புவது கடினம்.

மேதைகள் செய்த மாஷ்அப்

★ இசையமைப்பாளர் பாக்கின் குடும்பத்தார் ஒன்றுகூடும் நாள்களில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு நாட்டுப்பாட்டை எடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பாடிப் பொருத்திச் சிரித்து மகிழ்வார்கள். பாக்கின் வரலாற்றை 1802இல் எழுதிய ஃபோர்கெல் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1741இல் வெளிவந்த ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ தொகுப்பின் 30ஆவது, கடைசி வேரியேஷனில் பாக் அதே விளையாட்டை ஆடுகிறார். முட்டைக்கோசும் கிழங்கும் சமைத்தே வீட்டை விட்டு ஓடவைத்ததைப் பற்றிய நாட்டுப்பாட்டு அதில் கலந்திருக்கிறது.

★ பாக் 1722இல் தொகுத்த ஒரு விசைப்பலகைக் கருவிப் பாடத்தின் மேல், 1853இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் சார்ல்ஸ் கூனோ புதிதாக ஒரு மெட்டைப் பாடவைத்தார். அடியில் பாக், மேலே கூனோ; இடையில் 131 ஆண்டுகள். இன்று உலகமெங்கும் தேவாலயங்களில் ஒலிக்கும் ‘ஆவே மரியா’க்களில் ஒன்று இப்படிப் பிறந்தது. பழைய பாட்டைக் கெடுக்காமல் புதுப் பாட்டுக்கு இடம் கண்டதே கூனோவின் சாதனை.

★ 1837இல் பாரிஸில் இத்தாலிய இளவரசி பெல்ஜோயோசோ ஓர் ஏற்பாடு செய்தார். பெல்லினியின் ‘ஐ புரித்தானி’ ஓபராவிலிருந்து ஒரு அணிநடை மெட்டு. அதை ஆறு பியானோ கலைஞர்கள் ஆளுக்கொரு விதமாக விரித்து எழுத வேண்டும். லிஸ்ட், ஷோபன், தால்பெர்க், செர்னி, ஹெர்ஸ், பிக்சிஸ் ஆகிய அறுவரும் எழுதினார்கள். எல்லாவற்றையும் கோத்து ஒரே படைப்பாக்கியவர் லிஸ்ட். பெயர் ‘ஹெக்ஸமெரான்’. ஏழை எளியோருக்கான நிதிக் கச்சேரிக்காகத் திட்டமிட்டது இது. அடுத்தடுத்து வரும் ஆறு பேரின் குரலையும் தனித்தனியாக அடையாளம் காணலாம்.

★ இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் இரு கையில் வாசிக்க எழுதிய உச்சக்கட்ட வித்தகர் லியோபோல்டு கோடொவ்ஸ்கி (1870–1938). ஷோபனின் பயிற்சிப் பாடங்களே கடினம் என்று உலகம் திணறியபோது, அவற்றை இன்னும் கடினமாக்கி 53 பாடங்கள் எழுதினார். அதில் 22 இடக்கைக்கு மட்டும். ‘பதினாஜ்’ என்ற பாடத்தில் ஷோபனின் இரு வேறு பாடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வாசிக்க வேண்டும். அவை பொருந்தியதற்குக் காரணம், இரண்டுமே ஜி ஃப்ளாட் மேஜரில், அதாவது ஒரே கட்டையில் ஒரே சுர வரிசையில் எழுதப்பட்டவை. கோடொவ்ஸ்கியின் காது அந்த உறவைக் கண்டுபிடித்தது. கை அதை நிரூபித்தது.

★ 2016இல் கிரான்ட் வூலர்டு என்பவர் 33 இசையமைப்பாளர்களின் 57 மெட்டுகளை ஒரே பியானோ இசையில் கோத்தார். மொசார்ட் வலக்கையில் நடக்க, பீத்தோவன் இடக்கையில் பதில் சொல்வது போல ஓடும். இதைக் கேட்கும் ஆனந்தத்தில் பாதி, அடையாளம் காணும் ஆனந்தம். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அது. மேலை இசையை முறையாகக் கேட்காத பிள்ளைகளையும் இந்த வழியில் ஷோபன் வரை அழைத்துப் போகலாம்.

நம் மண்ணில் நடந்த கலப்பு

★ பெருங்கலப்பைச் செய்த நம் முன்னோடி முத்துசுவாமி தீட்சிதர். இளமையில் குடும்பத்தோடு சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதாம் ‘நொட்டுஸ்வர சாகித்தியங்கள்’; ஏறக்குறைய 40 இருக்கின்றன, எல்லாம் சங்கராபரணத்தில். அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து நாட்டு வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அரசனை வாழ்த்திய மெட்டு அம்பிகையை வாழ்த்தத் தொடங்கியது.

★ அதே மணலியில் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அந்தக் கருவி கர்நாடக இசைக்குள் நுழைந்து, இன்று கச்சேரியில் பக்கவாத்தியமாக நிலைத்துவிட்டது. வயலினில் விரலை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். ஆகவே அது நம்முடையதாயிற்று. பியானோவால் அது முடியவில்லை. ஆகவே வெளியே காத்து நின்றது. எந்த வெளிநாட்டுக் கருவி நம் மேடையில் தங்கும் என்பதைக் கமகமே முடிவு செய்தது.

★ கர்நாடக கிருதிகளைப் பியானோ வாசிப்பவரும் படிக்கும்படி மேலைச் சுரக்குறியீட்டில் அச்சிட வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் உழைத்தார். சென்னையைச் சேர்ந்த ஏ.எம். சின்னசாமி முதலியார், 1890களில் அந்தத் தொகுப்பை வெளியிட்டார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எழுதி 1904இல் வெளியிடத் தூண்டுகோலாக இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

★ மதுரை மணி ஐயர் கச்சேரியின் முடிவில் ரசிகர்கள் விரும்பிக் கேட்டது ‘இங்கிலீஷ் நோட்’. பேண்டு வாத்தியத்தின் துள்ளலோடு சுரங்களை மட்டுமே பாடும் உருப்படி அது. இயற்றியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். ராக ஆலாபனையில் உருகிய அதே சபையினர் கடைசியில் இதைக் கேட்டுத் தாளம் போட்டார்கள்.

★ வடலூரில் 1872இல் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலார், தம் ஞானத்தைப் பாமரர் பாடும் வடிவங்களில் ஊற்றினார். திருவருட்பாவில் விருத்தத்தோடு கண்ணி, பந்தாடல், நாமாவளி போன்ற மெட்டுப் பாடல்களும் நிறைந்திருக்கின்றன. தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் காண வரும் கூட்டம் அவற்றைக் கூடிப் பாடுகிறது. உயர்ந்த பொருளுக்கு எளிய மெட்டு தகாது என்று அவர் நினைக்கவில்லை. சினிமா மெட்டில் ஒலிக்கும் நம் தெரு அம்மன் பாட்டுக்கும் இதே நியாயம் உண்டு.

★ 1958இல் ஆசியப் பயணம் வந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புருபெக் மெட்ராஸுக்கும் வந்தார். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து அவரோடு வாசித்தார். மறு ஆண்டு அவர் குழு பதிவு செய்த ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றியது. அமெரிக்கக் காதுகளுக்குப் புதிதாகப் பட்ட அந்த ஐந்து, நம் பிள்ளைகள் ‘தகதகிட’ என்று சொல்லிப் பழகும் கண்டம்தான்.

★ 1978இல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தில் ‘என் கண்மணி’ பாட்டைக் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். இரண்டு தனி மெட்டுகள் ஒன்றோடொன்று பின்னி ஓடுகின்றன. ஒருவர் வரிக்கு மற்றவர் பதில் சொல்வதாகவும் கேட்கும், தனித்தனிப் பாட்டாகவும் நிற்கும். மேலை இசையில் கவுண்ட்டர்பாயிண்ட் எனப்படும் இலக்கணத்தை இளையராஜா வெகுமக்கள் பாட்டுக்குள் வைத்த விதம் இது. டீக்கடை வானொலியில் கேட்டவர்கள் இலக்கணத்தின் பெயர் தெரியாமலே ரசித்தார்கள்.

★ ‘சிந்து பைரவி’ (1985) படத்தின் ‘பாடறியேன்’ நாட்டுப்பாடலாகத் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கிருதியில் போய்ச் சேர்கிறது. காம்போதியில் பாடும் வழக்கம் கொண்ட அந்தக் கிருதியை இளையராஜா சாரமதியில் அமைத்து, நாட்டுப்பாட்டையும் அதே ராகத்தில் வளர்த்தார். ஆகவே ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் தையல் தெரிவதில்லை. பாடிய சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

★ மறு ஆண்டு, 1986இல், இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துச் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி, பாக் தன் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிறது. பாக்கின் வயலின் இசைக்கு நடுவே நம் ராகம் வந்து பேசுகிறது. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகம் ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு ஒலித்தது. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துச் சிதம்பரத்தோடு பிணைந்த அந்தத் தமிழ், சிம்பொனியின் தோளில் ஏறியது.

★ கமகம் வராத பியானோவைக் கர்நாடக இசையோடு எப்படிச் சேர்ப்பது? பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன் ஒரு வழி கண்டார். பாடகர் சிக்கில் குருசரண் ராகத்தை அதன் கமகத்தோடு முழுமையாகப் பாடுவார். பியானோ அதைப் பின்தொடர்ந்து நகல் எடுக்காது. அடியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை (கார்டு) விரித்து வேறு வெளிச்சம் காட்டும். தன்னால் முடியாததைச் செய்யப் போகாமல், தன்னால் முடிந்ததை மட்டும் கொடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று உயர்த்துகின்றன.

★ சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த வித்யா ஐயர், ‘வித்யா வாக்ஸ்’ என்ற பெயரில் 2015 முதல் ஆங்கிலப் பாப் பாடல்களையும் இந்தியப் பாடல்களையும் கலந்து பாடினார். ‘க்ளோசர்’ என்ற ஆங்கிலப் பாட்டையும் ‘கபீரா’ என்ற இந்திப் பாட்டையும் அவர் இணைத்த விதம் உலகம் முழுவதும் பரவியது. இரண்டு நாட்டுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு, இரண்டு பாட்டும் ஒரே மூச்சில் வருவது இயல்பு.

★ நெய்வேலியும் இந்த வரிசையில் உண்டு. 1956இல் லிக்னைட் நிறுவனம் உருவாகி, நகரியம் எழுந்தபோது பல மாநிலத்தவர் வந்து குடியேறினார்கள். கோவில் நாதஸ்வரமும் தேவாலயக் கீபோர்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஒலிக்கும் ஊர் அது. ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமக்கும் நெய்வேலி ஆர். சந்தானகோபாலன், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி.

நீங்களே செய்து பார்க்கலாம்

★ மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மெட்லி. ஒரே பாட்டின் தாளத்தையும் வாத்தியத்தையும் மாற்றினால் ரீமிக்ஸ். இரண்டு பாட்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் மாஷ்அப். குறிஞ்சிப்பாடி கைத்தறியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்தால் துணியில் இரண்டும் தெரியும். அவை சேர்ந்து மூன்றாவதாக ஒரு நிறமும் தெரியும். நல்ல மாஷ்அப்புக்கும் அதுவே அளவுகோல்.

★ முதல் பொருத்தம் சுருதி, இரண்டாவது ராகம், மூன்றாவது தாளம். ஆரம்பப் பாடமான மோகன ராக கீதம் ‘வர வீணா’வும், ஸ்காட்லாந்தின் ‘ஆல்டு லாங் சைன்’ பாட்டும் ஒரே ஐந்து சுரங்களில் நிற்கின்றன. ஆனால் கீதம் ரூபக தாளம், ஸ்காட்லாந்துப் பாட்டு நான்கு எண்ணிக்கை. சுரம் உடனே சம்மதிக்கும். தாளத்தைச் சம்மதிக்கவைப்பதுதான் உங்கள் வேலை.

★ வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து ஆறு மேளகர்த்தா (தாய்) ராகங்களின் சுர வரிசையைப் பெறலாம். ஸ-வை சி-யில் வைத்தால் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, இ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. கமகம் இல்லாமல் ராகம் முழுமை பெறாது. ஆனால் எந்தப் பாட்டு எந்தப் பாட்டுக்கு உறவு என்று கண்டுபிடிக்க இந்த வரைபடம் போதும்.

★ உரிமையையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் ஒரு பாட்டின் இசைக்கு, இயற்றியவர் காலமான பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். தீட்சிதரும் பாக்கும் ஷோபனும் எல்லாருக்கும் பொது. ஆனால் அவர்களின் இசையை இன்றொருவர் வாசித்த பதிவு பொது அல்ல. 2004இல் இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ், பீட்டில்ஸின் இசையையும் ஜே-ஸீயின் குரலையும் கலந்து ‘கிரே ஆல்பம்’ வெளியிட்டபோது, பதிவு நிறுவனம் தடுக்கப் பார்த்தது. நீங்களே வாசித்துப் பதிவு செய்தால், பொதுவில் உள்ள பாட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

★ பியானோ இல்லாவிட்டாலும் இசைக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி. அங்கே குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் கற்றுத் தருகிறார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. அதன் இசைக் கல்லூரி 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கியது. குரலில் ராகம் பிடிக்கத் தெரிந்த பிள்ளை கீபோர்டுக்குப் போனால், கட்டைகளுக்கு நடுவில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதும் தெரியும். கலப்பதற்கு முன் ஒன்றையாவது ஆழமாகக் கற்றிருக்க வேண்டும்.

★ இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். எந்தச் சிறிய கீபோர்டாக இருந்தாலும் போதும். கருப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். எஃப் ஷார்ப்பை ஸ-வாக வைத்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகளில் ஸ-வை அடுத்தடுத்த கட்டைக்கு நகர்த்துங்கள்: மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி. ஷோபனின் ‘கருப்புக் கட்டைப் பயிற்சி’யில் வலக்கை, ஒரே ஓர் இடம் தவிர, முழுக்க இந்தக் கட்டைகளில்தான் ஓடுகிறது. கோடொவ்ஸ்கி இன்னொரு பாடத்தோடு கலந்த இரண்டில் ஒன்று இதுவே. அதன் பதிவைக் கேட்டபடி மோகனத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே முட்டுகிறது என்று உங்கள் காதே சொல்லும். முட்டும் இடத்தைச் சரிசெய்ய உட்காரும் அந்த நேரத்திலிருந்து நீங்கள் இசையைக் கற்கத் தொடங்கிவிட்டீர்கள்.